கழற்றி வைத்த கால்

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் சூலூர் விமானப்படைத் தளத்தில் டெக்னீசியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயால் அவருக்கு இரண்டு கால்விரல்களை எடுத்திருந்தார்கள். எனக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவிநாசி ரோட்டில் பைக்கில் போனபோது லாரி மோதியது. அப்போது எனக்கு 27 வயது. லேத் பட்டறையில் டர்னர் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை.

அந்த ஒன்பது நாளும் நான் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். உயிர் பிழைத்ததே பெரிசு என்றார்கள், கடவுள் ஒரு வழி காட்டுவார் என்றார்கள். அவர்கள் போன பிறகு அம்மா அழுவார். ஒரு நாள் ராத்திரி, விளக்கெல்லாம் அணைத்த பிறகு, அந்தப் பெரியவர் இருட்டில் பேசினார்.

"ஏங்கண்ணு, தூங்கலையா? ரெண்டு காலும் இல்லாம ஒருத்தன் சண்டை விமானம் ஓட்டியிருக்கான், உனக்குத் தெரியுமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பதில் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அந்த விமானி பிரான்சுக்கு மேலே பறக்கும்போது விமானம் உடைந்துபோனது, வெளியே குதிக்கப் பார்த்தால் செயற்கைக் கால் உள்ளே மாட்டிக்கொண்டது, பட்டை அறுந்து காலை அங்கேயே விட்டுவிட்டு ஆள் மட்டும் பாராசூட்டில் இறங்கினார் என்றார்.

நான் சுவரிலிருந்து திரும்பினேன். "அந்தக் கால எதுலங்க செஞ்சிருந்தாங்க?" என்று கேட்டேன்.

ஒன்பது நாளில் நான் யாரிடமும் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர் சொன்னதைக் கேட்டு எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஒரு டர்னருக்கு அந்தக் கேள்வி தானாக வந்தது. கால் என்பது செய்யக்கூடிய ஒரு பொருள், அதற்கு உலோகம் உண்டு, அளவு உண்டு, திருகாணி உண்டு என்ற எண்ணம் அந்த இருட்டில்தான் முதலில் தோன்றியது.

அந்த விமானியின் பெயர் டக்ளஸ் பேடர். பெரியவர் சொன்னது பாதி, அப்புறம் நானே பல வருஷம் தேடித் தேடிப் படித்தது பாதி.

1931 டிசம்பர் 14. இங்கிலாந்தில் ரெடிங் நகருக்குப் பக்கத்தில் வுட்லி என்ற விமானத் திடல். பேடருக்கு அப்போது 21 வயது. பிரிட்டிஷ் விமானப்படையில் பயிற்சி முடித்து அதிகாரியாகி ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகியிருந்தது. ரக்பியிலும் கிரிக்கெட்டிலும் பெயர் வாங்கியவர். புல்டாக் என்ற சிறிய போர் விமானத்தைத் தரையை ஒட்டிப் புரட்டிக் காட்டினார். இறக்கை நுனி தரையில் தட்டியது. வலது காலை முழங்காலுக்கு மேலேயும், பிறகு இடது காலை முழங்காலுக்குக் கீழேயும் எடுத்தார்கள். தப்பு தன்னுடையதுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. தன் பறப்புக் குறிப்பேட்டில் ஒரே வரியில் அதை எழுதி முடித்துக்கொண்டார்.

லண்டனில் ரோஹாம்ப்டன் மருத்துவமனையில் அவருக்குக் கால் பொருத்தினார்கள். செய்து கொடுத்தது டெசூட்டர் சகோதரர்களின் பட்டறை. அவர்களில் ஒருவரான மார்செல் டெசூட்டர் ஒரு விமானி, 1913-ல் விபத்தில் கால் இழந்தவர். அவருக்குக் கொடுத்த மரக்கால் கனமாக இருந்ததால், தம்பி சார்லஸ் விமானம் கட்டுகிற துராலுமின் என்ற அலுமினியக் கலவையில் அண்ணனுக்கு ஒரு கால் செய்து கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்த தொழில் அது. என் கேள்விக்கான பதில் எனக்குக் கிடைத்த இடம் இது. அண்ணனுக்காகத் தம்பி செய்த கால் என்பதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கைத்தடி இல்லாமல் நடக்கவே முடியாது என்று பேடரிடம் சொன்னார்களாம். தடியே தொட மாட்டேன் என்றார், தொடவும் இல்லை. இந்த இடத்தை வாசிக்கிற எல்லோருக்கும் உடம்பு சிலிர்க்கும். எனக்கும் சிலிர்த்தது. அதனால்தான் எனக்கு முதல் செயற்கைக் கால் வந்த மூன்றாம் நாளே தடியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வாசல்படி இறங்கினேன். விழுந்தேன். தையல் போட்ட இடம் லேசாகப் பிரிந்து, மறுபடி ஆறுவதற்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் கால் போட முடியாது, பயிற்சி கிடையாது.

பிசியோதெரபிஸ்ட் என்னைத் திட்டவில்லை. "தடி கவுரவக் குறைச்சல் இல்லீங்க, அளவுகோல். அது உங்களுக்குத் தேவையில்லாத நாள் வரும், அன்னைக்கு நீங்களே அத மறந்துட்டு வந்துருவீங்க" என்றார். அப்படியேதான் நடந்தது. ஒரு நாள் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. புதிதாகக் கால் போடுகிறவர்களிடம் இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேடர் பெரிய விளையாட்டு வீரர், 21 வயது உடம்பு. அவரால் முடிந்தது எல்லோராலும் முடியும் என்று பேசுவது ஆபத்து. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு, விட்டுவிட வேண்டியவையும் உண்டு. தடி விஷயம் விட்டுவிட வேண்டியது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை எனக்கு யாரும் நேரத்தில் சொல்லவில்லை. அறுவை முடிந்த முதல் வாரங்களில் வலி குறையட்டும் என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தேன். வார்டில் எல்லோரும் அப்படித்தான் படுத்திருந்தார்கள், யாரும் தடுக்கவில்லை. விளைவு, முழங்கால் மடங்கியபடியே இறுகிவிட்டது. அதை நீட்டி நேராக்க இரண்டு மாதம் அழுதேன், நிஜமாகவே அழுதேன். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. டாக்டர் அனுமதித்த பிறகு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, இருபது நிமிஷமாவது குப்புறப் படுக்க வேண்டும். மீந்த காலில் கட்டுகிற கிரேப் பேண்டேஜை வளையல் மாதிரி சுற்றிச் சுற்றிக் கட்டக் கூடாது, குறுக்கே எட்டு வடிவில் கட்ட வேண்டும், நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும். வட்டமாகக் கட்டினால் ரத்தம் நின்று நுனி வீங்கும். வீங்கினால் சாக்கெட்டுக்குள், அதாவது செயற்கைக் காலின் மேலே இருக்கிற கிண்ணத்துக்குள், நுழையாது.

மீந்த காலை எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் ஸ்டம்ப் என்றுதான் சொல்கிறோம். அதைக் காலையில் கழுவாதீர்கள், ராத்திரி கழுவுங்கள். காலையில் கழுவினால் தோல் ஊறி, சாக்கெட் உரசியதும் கொப்பளம் வரும். ராத்திரி கழுவி, துடைத்து, ஒரு சின்னக் கண்ணாடியைக் கீழே பிடித்து அடிப்பக்கம் முழுக்கப் பார்க்க வேண்டும். சிவப்பு தெரிந்து பத்து நிமிஷத்தில் மறைந்தால் பயமில்லை. மறையவில்லை என்றால் மறுநாள் கால் போடாமல் இருந்துவிட்டு, சாக்கெட் செய்தவரிடம் காட்ட வேண்டும். சாக்கெட்டுக்குள் போடுகிற சாக்ஸ் தினமும் துவைத்ததாக இருக்க வேண்டும். பகல் ஏற ஏற ஸ்டம்ப் சுருங்கும், அதனால் பையில் எப்போதும் இன்னொரு சாக்ஸ் இருக்க வேண்டும். மத்தியானம் கால் லொடலொட என்று ஆடினால் ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். கோயமுத்தூர் வெயிலில் சாக்கெட்டுக்குள் வியர்வை தேங்கும், மத்தியானம் ஒரு தடவை கழற்றித் துடைப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

இல்லாத கால் வலிக்கும். இதைச் சொன்னால் வீட்டில் பயந்துபோவார்கள், பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று. எனக்கு இல்லாத பெருவிரலை யாரோ முறுக்குகிற மாதிரி இருக்கும், அதுவும் ராத்திரி ஒரு மணிக்கு. மூளைக்குள் அந்தக் காலின் வரைபடம் அப்படியே இருக்கிறது, அதுதான் காரணம் என்கிறார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் அமெரிக்காவில் இதற்கு ஒரு கண்ணாடிப் பயிற்சியைக் கொண்டுவந்தார். இருக்கிற காலைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து அசைத்தால், பிம்பத்தில் இல்லாத கால் அசைவதாக மூளைக்குத் தெரியும். எல்லோருக்கும் கேட்பதில்லை. எனக்குக் கேட்டது. பீரோக் கண்ணாடியைக் கழற்றித் தொடைகளுக்கு நடுவே நிறுத்தி, தினமும் பத்து நிமிஷம்.

சரி, பேடரிடம் திரும்புகிறேன். நல்லபடியாகப் பறந்து காட்டியும், கால் இல்லாதவரை வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை என்று 1933-ல் விமானப்படை அவரை ஓய்வில் அனுப்பியது. ஆறு வருஷம் எண்ணெய்க் கம்பெனியில் மேசை வேலை. 1939-ல் போர் வந்ததும் மறுபடி கேட்டுச் சேர்ந்தார். 1940-ல் 242-வது ஸ்குவாட்ரன் என்ற போர் விமானப் பிரிவின் தலைவர். கணக்கில் வந்தவரை 20 விமானங்களுக்கு மேல் வீழ்த்தியவர். இதையெல்லாம் வீரக் கதையாக ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள். நான் திரும்பத் திரும்பப் படிப்பது அதற்கு அப்புறம் வருகிற மூன்று வருஷம் எட்டு மாதத்தை.

1941 ஆகஸ்ட் 9 அன்று வட பிரான்சில் அவர் விழுந்தார். மோதலா, எதிரியின் குண்டா, தன் பக்கத்து விமானமே சுட்டதா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. வலது செயற்கைக் கால் விமானத்தோடு போய்விட்டது. ஜெர்மானியர்கள் அவரைப் பிடித்து செயின்ட் ஓமர் ஊர் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இடிபாட்டில் கிடந்த அந்தக் காலைத் தேடி எடுத்து, நசுங்கியதைத் தட்டிச் சரிசெய்து கொடுத்ததும் அவர்கள்தான். எதிரிப் படையின் பெயர் தெரியாத மெக்கானிக் ஒருவர் அதை நிமிர்த்தியிருப்பார். பட்டறைக்காரனாக அந்த ஆளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நசுங்கிய துராலுமினை உடையாமல் நிமிர்த்துவது சுலபமில்லை.

அந்தப் பக்கத்து ஜெர்மன் போர் விமானப் பிரிவு ஒன்றின் தலைவர் அடால்ஃப் காலண்ட் அவரைத் தன் தளத்துக்கு விருந்தாளி மாதிரி அழைத்துப் போனார், தங்கள் மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தில் உட்கார்ந்து பார்க்கவும் விட்டார். இன்னொரு கால் அனுப்பச் சொல்லி இங்கிலாந்துக்குத் தகவலும் போனது. ஆகஸ்ட் 19 அன்று பிரிட்டிஷ் விமானம் ஒன்று பெட்டியில் வைத்த காலைப் பாராசூட்டில் போட்டுவிட்டு, குண்டு வீசுகிற வேலையைப் பார்க்கப் போனது. அதற்குள் பேடர், தட்டிக் கொடுத்த காலோடு, படுக்கை விரிப்புகளை முடிச்சுப் போட்டு ஜன்னல் வழியாக இறங்கித் தப்பியிருந்தார். ஊர்க்காரக் குடும்பம் ஒன்று ஒளித்து வைத்தது. அவரும் பிடிபட்டார், அடைக்கலம் கொடுத்தவர்களும் பிடிபட்டார்கள்.

அப்புறம் ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாம். தப்ப முயன்றுகொண்டே இருந்ததால், காலைப் பறித்துவிடுவோம் என்று மிரட்டினார்கள். இதன் கனம் கால் உள்ளவர்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை. எல்லாக் கைதிகளுக்கும் முள்வேலி ஒன்றுதான். இவருக்கு உடம்பிலேயே இன்னொரு பூட்டு, அதன் சாவி காவலாளியின் கையில். எனக்கு ஒரு தடவை சாக்கெட் விரிசல் விட்டு, புதிது வர இருபத்திரண்டு நாள் ஆனது. எங்கே வைத்தார்களோ அங்கே இருந்தேன். தண்ணீர் வேண்டுமானாலும் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் யாராவது வருவார்கள் என்று தெரிந்தே எனக்கு அப்படி இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், பழைய காலைத் தூக்கிப் போடாதீர்கள். சரியாகப் பொருந்தாவிட்டாலும், கக்கூஸ் வரை போக உதவும். பழைய சாக்கெட்டும் ஒரு ஜோடிக் கக்கத்துக் கட்டையும் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.

1942 ஆகஸ்டில் அவரைக் கோல்டிட்ஸ் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், முல்டே ஆற்றுக்கு மேலே பாறை மீது நிற்கிற பழைய கோட்டை. தப்பிப்பதையே தொழிலாக வைத்திருந்த அதிகாரிகளை அடைக்கிற இடம். கருங்கல் பாவிய முற்றம், எங்கே பார்த்தாலும் படிகள். இரண்டு உலோகக் காலோடு அந்தப் படிகளில் இரண்டரை வருஷத்துக்கு மேல். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்து திறந்துவிடும் வரை.

இங்கேதான் எனக்கு மிகவும் வலித்த பகுதி இருக்கிறது. கோல்டிட்ஸில் அவருக்கு உதவியாள் ஒருவர் இருந்தார். ஸ்காட்லாந்துக்காரர், மருத்துவ உதவியாளராகப் படையில் இருந்து பிடிபட்டவர். குளிப்பதற்குக் கால்களைக் கழற்ற வேண்டுமே, அப்போது பேடரை முதுகில் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்குவது அவர்தான். 1943-ல் மருத்துவப் பணியாளர்களை ஊருக்குத் திருப்பி அனுப்புகிற ஏற்பாட்டில் அவர் பெயரும் வந்தது. பேடர் மறுத்துவிட்டார். என் வேலைக்காரனாக வந்தவன், வேலைக்காரனாகவே இருப்பான் என்ற பொருளில் சொன்னாராம். அந்த மனிதர் மேலும் இரண்டு வருஷம் சிறையில் இருந்தார், தொடர்ந்து அவரைச் சுமந்தார். இதைப் பல வருஷம் கழித்து அந்த உதவியாளரே வெளியே சொன்னார்.

எனக்கு ஒரு தம்பி. எனக்கு அடிபட்டபோது அவனுக்கு 22 வயது. வார்டிலிருந்து வந்த நாள் முதல் என்னைக் குளியலறைக்கும் மாடிக்கும் முதுகில் தூக்கிக்கொண்டு போனவன் அவன்தான். ஐந்தாவது மாதம் அவனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. "அண்ணா, நீ சொன்னாப் போறேன்" என்றான். நான் போகாதே என்று சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் போகவில்லை. எட்டு மாதம் அப்படியே ஓடியது. அந்த எட்டு மாதத்தில் பாதிக்கு மேல் நான் தடியோடு நன்றாக நடந்துகொண்டிருந்தேன் என்பதுதான் இதில் கொடுமை. தூக்கிப் பழகியவன் தூக்கினான், ஏறிப் பழகியவன் ஏறினேன்.

பேடரின் அந்த உதவியாளரைப் பற்றிப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சொன்னேனே, அண்ணனுக்காகத் தம்பி செய்த கால் என்று. மறுநாள் காலையில் தம்பியை எழுப்பி, மாடிப்படி பதினாறையும் அவன் பார்க்க நானே ஏறிக் காட்டினேன். நல்ல கால் மேலே போகும்போது முதலில், செயற்கைக் கால் கீழே இறங்கும்போது முதலில், அதுதான் கணக்கு. அந்த மாதமே அவன் வேறு ஒரு கம்பெனியில் சேர்ந்து சென்னைக்குப் போனான். முதலில் கிடைத்த வேலை அளவுக்கு அது நல்ல வேலை இல்லை. அந்தக் குறை இன்னும் எனக்கு இருக்கிறது.

பராமரிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை. எதைச் செய்து கொடுக்கிறீர்கள் என்று மாதம் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். போன மாதம் தேவைப்பட்டது இந்த மாதம் தேவைப்படாமல் இருக்கலாம். கால் இழந்தவர் தானாக அதைச் சொல்ல மாட்டார். நான் சொல்லவில்லை.

பேடரை இதற்காக வெறுக்கலாமா என்று பல நாள் யோசித்தேன். அவர் வாய் மோசம், கோபக்காரர், தன்னை எதிர்த்துப் பேசியவர்களை விட்டுவைக்க மாட்டார் என்று கூடப் பறந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் போருக்கு அப்புறம் அவர் செய்தது, என்னால் ஒதுக்கிவிட முடியாத காரியம். 1946-ல் படையை விட்டு வந்து பழைய எண்ணெய்க் கம்பெனிக்கே திரும்பினார். கம்பெனி அவருக்கு ஒரு சிறு விமானம் கொடுத்தது. வேலைக்காக எந்த ஊருக்குப் போனாலும், அங்கே கால் கை இழந்தவர்கள் இருக்கிற மருத்துவமனைக்கும் போனார். போர்வீரர்கள், விபத்தில் அடிபட்ட சிறுவர்கள், யாராக இருந்தாலும். கடிதம் எழுதியவர்களுக்குப் பதில் எழுதினார். உடற்குறை உள்ளவர்களுக்கான சேவைக்காக 1956-ல் ஒரு விருதும் 1976-ல் சர் பட்டமும் கொடுத்தார்கள். 1982 செப்டம்பரில் இறந்தார். குடும்பத்தாரும் நண்பர்களும் அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை இன்றைக்கும் அந்த வேலையைச் செய்கிறது.

அவர் வார்டுக்குள் நடந்து வந்தாலே போதும், அதுதான் விஷயம். இரண்டு காலும் இல்லாத ஆள் தட்டுத்தடுமாறி, ஒரு மாதிரி சாய்ந்து சாய்ந்து, ஆனால் தடியில்லாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். டாக்டர் நூறு தடவை சொன்னாலும் வராத நம்பிக்கை அதில் வரும். எனக்கு அந்தச் சூலூர்ப் பெரியவர் கதையாகச் சொன்னதே அவ்வளவு வேலை செய்தது என்றால், நேரில் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஏழு வருஷமாகச் சனிக்கிழமை மத்தியானம் பட்டறையில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் வார்டுக்குப் போகிறேன். முதல் வருஷம் தப்புத் தப்பாகச் செய்தேன். போனதும் பேன்ட்டை மடித்துக் காலைக் காட்டி, பாருங்க நான் நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன் என்று பேசுவேன். ஒரு பெண்மணி, கணவருக்கு இரண்டு நாள் முன்புதான் அறுவை நடந்திருந்தது, "நீங்க தயவுசெஞ்சு போயிருங்க" என்றார். அன்றிலிருந்து மாற்றிக்கொண்டேன். அறுவை நடந்த முதல் ஐந்தாறு நாள் போவதில்லை. நர்ஸிடம் கேட்டு, நோயாளி சரி என்றால் மட்டும் போகிறேன். நின்று பேசுவதில்லை, நாற்காலியில் உட்கார்ந்து அவர் கண்மட்டத்துக்கு வருகிறேன். என் கதையைச் சொல்வதில்லை. என்ன வேலை பார்த்தீங்க என்று கேட்பேன். வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காலைப் பற்றிய கேள்வி அவர்களிடமிருந்தே வரும். அவர்கள் கேட்ட பிறகுதான் காலைக் கழற்றிக் கையில் கொடுப்பேன். கையில் வாங்கியதும் முக்கால்வாசிப் பேர் எடை பார்ப்பார்கள், அப்புறம் பாதத்தை அழுத்திப் பார்ப்பார்கள்.

என் பாதம் ஜெய்ப்பூர் வகை. அதைப் பற்றிப் பெருமையாகவே சொல்வேன். 1960-களின் இறுதியில் ஜெய்ப்பூர் அரசு மருத்துவமனையில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் சேர்ந்து செய்தது. ரப்பர் பாதம். வெள்ளைக்காரப் பாதம் ஷூவுக்குள் இருப்பதற்காகச் செய்தது. நம் ஆட்கள் வெறுங்காலோடு வரப்பில் நடக்க வேண்டும், சம்மணம் போட்டு உட்கார வேண்டும், குந்த வேண்டும், கோயிலுக்குள் செருப்பில்லாமல் போக வேண்டும். அதற்காகச் செய்த பாதம் இது. அம்மாக்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிற கேள்வியும் இதுதான், கக்கூஸுக்கு எப்படிப் போவான் என்று. வெட்கப்படாமல் விவரமாகச் சொல்கிறேன். சுவரில் கை பிடிக்க ஒரு கம்பி, முதல் ஆறு மாதத்துக்கு நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி, முடிந்தால் வெஸ்டர்ன் டாய்லெட். கம்பியைப் பிளாஸ்டரில் அடிக்காமல் செங்கல்லில் இறக்கி அடிக்க வேண்டும், இல்லையென்றால் எடை தாங்காமல் பிடுங்கிக்கொண்டு வரும்.

அடையாள அட்டைக்கு உடனே விண்ணப்பிக்கச் சொல்வேன். மாற்றுத்திறனாளி அட்டை வாங்குவதை மானக்கேடாக நினைத்து இரண்டு வருஷம் தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். பஸ் சலுகை, இலவசச் செயற்கைக் கால், அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு என எல்லாவற்றுக்கும் அந்த அட்டைதான் வாசல். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

முக்கியமாக, ஒரு தடவை போனால் இரண்டாவது தடவையும் போக வேண்டும். முதல் தடவை எல்லோரும் தலையாட்டுவார்கள். கேள்வியெல்லாம் நீங்கள் போன பிறகு ராத்திரிதான் வரும். அடுத்த சனிக்கிழமை வரை அதை வைத்திருந்து கேட்பார்கள். வர முடியாத வாரம் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு பையன், பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம், 19 வயது. வலது கால் முழங்காலுக்குக் கீழே. இரண்டு வாரம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நானும் பேசவில்லை. அவன் அம்மாவோடு பேண்டேஜ் கட்டுவது பற்றிப் பேசிவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். மூன்றாவது வாரம் நான் எழுந்திருக்கும்போது சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"அண்ணா, பைக் ஓட்ட முடியுமா?"

மறுபடி உட்கார்ந்தேன். எனக்குப் போனது இடது கால், கியர் மாற்றுகிற கால், அதனால் கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மாறிவிட்டேன் என்றேன். அவனுக்குப் போனது வலது கால், பின் பிரேக் மிதிக்கிற கால். செயற்கைப் பாதத்தால் எவ்வளவு அழுத்துகிறோம் என்று நமக்குத் தெரியாது, அதனால் இரண்டு பிரேக்கும் கையில் இருக்கிற வண்டிதான் சரி, அதை ஆர்டிஓ ஆபீஸில் சொல்லி லைசென்ஸில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றேன். அவன் திரும்பிப் படுத்தான். ஒரு மணி நேரம் வண்டிகளைப் பற்றியே பேசினோம். பக்கவாட்டில் சக்கரம் மாட்டினால் வளைவில் எப்படி இருக்கும், ஸ்டாண்டை எந்தக் காலால் போடுவது, மழையில் கால் ஊன்றினால் வழுக்குமா. அவன் அம்மா சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார்.

கிளம்பும்போது, அடுத்த வாரம் வரும்போது ஸ்கூட்டரை ஸ்டாண்டில் விடாமல் ஜன்னலுக்கு நேரே நிறுத்தச் சொன்னான், படுத்தபடியே தெரிகிற மாதிரி. வாட்ச்மேனிடம் கேட்டு அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன்.